நீலகிரியில் ரோட்டரி வாரக் கூட்டம்: முதல் மணியிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை

வேறு வேறு தொழில்காரர்கள் கூடிச் சமூகப் பணி செய்யும் ரோட்டரி சங்கத்தின் வாரக் கூட்டத்துக்கு விருந்தினராகப் போய் உட்காரலாமா, உறுப்பினராகவே சேர்ந்துவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: போகலாம். அந்த வாரம் பேச்சாளர் யார் என்று கேட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது. நீலகிரியில் இந்தக் கூட்டங்களுக்குப் பலம் பேச்சாளர்கள், பலவீனம் நேரம். சாப்பாடு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஆறிப்போகிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று ஊருக்கு ஊர் சங்கம் வேறு, ஹால் வேறு, கிழமை வேறு. ஆனால் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தலைகாட்டுகின்றன. அதனால் எந்தச் சங்கத்தின் பெயரையும் எடுக்காமல், மலையில் மாலை 7 மணிக்குக் கூடும் வாரக் கூட்டம் எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று மட்டும் பார்க்கலாம்.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்தபோது மேடையும் இல்லை, சால்வையும் இல்லை. ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல்காரர். தொழில் வேறு வேறானவர்கள் ஒருவர் அலுவலகத்தில் ஒருமுறை, இன்னொருவர் அலுவலகத்தில் மறுமுறை என்று கூடிப் பேசியதுதான் தொடக்கம். இன்றைய வாரக் கூட்டத்தை எடைபோட அந்த அளவுகோலே போதும்: வேறு வேறு தொழில்காரர்கள் ஒருவரோடு ஒருவர் உருப்படியாகப் பேசிக்கொள்ள எத்தனை நிமிடம் கிடைக்கிறது?

நேரம் எங்கே கசிகிறது

அமைப்பு எங்கும் ஒன்றுதான். தலைவர் கழுத்தில் பதவிச் சின்னமான காலர், பின்னால் பேனர், மேஜையில் ஒரு மணி. மணி அடித்தால் தொடக்கம், மறுபடி அடித்தால் முடிவு. நடுவில் இறைவணக்கம் அல்லது தமிழ்த்தாய் வாழ்த்து, நால்வழிச் சோதனை (எல்லோரும் சேர்ந்து சொல்லும் ரோட்டரியின் நான்கு கேள்விகள்), தலைவர் உரை, பிறந்தநாள் திருமணநாள் வாழ்த்து, செயலாளர் அறிவிப்பு, பேச்சாளர் அறிமுகம், பேச்சு, கேள்வி, நன்றியுரை, நாட்டுப்பண்.

கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் அடங்க வேண்டியது இது. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, நாட்டுப்பண் 52 விநாடி. நால்வழிச் சோதனையை நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம். தலைவருக்கு 5 நிமிடம், வாழ்த்துகளுக்கு 3, செயலாளருக்கு 10, அறிமுகத்துக்கு 2, பேச்சுக்கு 20, கேள்விக்கு 10, நன்றிக்கு 2. கூட்டிப் பாருங்கள், 55 நிமிடம்கூட வரவில்லை. ஆனாலும் 7 மணிக் கூட்டம் 8.40 வரை இழுக்கிறது.

பெரிய ஓட்டை சால்வை. பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் நாற்காலியை நகர்த்தி எழுந்து வர வேண்டும். போர்த்துபவரை வேறு தனியாகக் கூப்பிட வேண்டும். போட்டோவுக்கு இருவரும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒரு சால்வைக்கு ஒரு நிமிடம் குறையாமல் ஆகும். மேடையில் ஆறு பேர், கீழே முன்னாள் தலைவர்கள் நாலு பேர் என்றால் பத்து நிமிடம் போயிற்று. பேச்சாளருக்கு மட்டும் பொன்னாடை, அதுவும் பேச்சு முடிந்த பிறகு, என்று வைத்துக்கொண்ட சங்கங்களில் இந்தப் பத்தும் மிச்சமாகிறது. முன்னால் போர்த்தினால் பேச்சாளர் அதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டே முதல் ஐந்து நிமிடம் பேசுவார்; பாவம், வைக்க இடம் இருக்காது.

அடுத்தது விளிப்பு. மைக்குக்கு வரும் ஒவ்வொருவரும் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, ரோட்டரி மாவட்ட உதவி ஆளுநர் அவர்களே, முன்னாள் தலைவர்களே, ஆன்ஸ் (உறுப்பினர்களின் மனைவியர்) அவர்களே என்று முழுப் பட்டியலையும் வாசிக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் மைக் பிடித்தால் அதே பட்டியல் ஏழெட்டு முறை. தலைவர் ஒருவர் மட்டும் ஒரு தடவை முறையாக விளித்துவிட்டு, மற்றவர்கள் ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று தொடங்கினால் யாருடைய மரியாதையும் குறையாது. உறுப்பினர்களின் மனைவியரை இன்னும் ‘ஆன்’ என்றே அழைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை: பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ரோட்டரி விதியை மாற்றியது 1989-இல். இத்தனை வருடம் கழித்தும் பள்ளி முதல்வராகவும் டாக்டராகவும் இருக்கும் பெண்களை அந்தப் பெயரில் மேடைக்குக் கூப்பிட்டு விளக்கேற்ற மட்டும் சொல்வது பார்க்க நன்றாக இல்லை.

மூன்றாவது ஓட்டை, ‘இன்னும் நாலு பேர் வரட்டும்’. இதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான்: இருப்பவர்களை வைத்து 7 மணிக்கு மணி அடிப்பது. இரண்டு வாரம் அப்படிச் செய்தால் மூன்றாவது வாரம் அந்த நாலு பேரும் டீ நேரத்துக்கே வந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் கட்டிக்காக்க வேண்டியவர் சார்ஜன்ட்-அட்-ஆர்ம்ஸ். பதவியின் பெயர் மிடுக்காக இருந்தாலும் வேலை கல்யாண வீட்டுச் சித்தப்பா வேலைதான். அரை மணி நேரம் முன்னால் வந்து பேனர், கொடி, காலர், மணி, வருகைப் பதிவேடு, பெயர் அட்டை, மேடைத் தண்ணீர் எல்லாம் சரிபார்க்க வேண்டும். அதிகம் காணாமல் போவது மணியடிக்கும் சுத்தியல். மணி இருக்கும், சுத்தியல் போன தலைவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். தலைவர் ஸ்பூனால் தட்டித் தொடங்கிவைப்பார். ஒரு தகரப் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு, மூடியின் உட்புறம் பட்டியல் ஒட்டி, ஹாலிலேயே பூட்டி வைப்பது நல்ல பழக்கம். ரோட்டரி ஆண்டு ஜூலை 1-இல் மாறுவதால், ஜூன் கடைசி வாரம் அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணிக் கைமாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காலர் ஒருவர் வீட்டில், பேனர் இன்னொருவர் காரில் என்று சிதறிவிடும்.

ஹால்

சமவெளிக் கூட்டத்துக்கும் மலைக் கூட்டத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கே. தகரக் கூரை ஹாலில் ஜூலை மழை பிடித்தால் மைக் இருந்தும் பயனில்லை. சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கூவும். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைப்பதைவிட, ஹாலின் நடுப்பகுதியில் சுவரோரம் இரண்டு சின்ன ஸ்பீக்கர் வைத்துக் குறைந்த சத்தத்தில் ஓட்டினால் பின்வரிசைக்கும் கேட்கும். கார்ட்லெஸ் மைக்கில் பேட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். புதுச் செல் ஒரு ஜோடியை சார்ஜன்ட் சட்டைப் பையிலேயே வைத்திருந்தால் கதகதப்பாகவும் இருக்கும், கைக்கு எட்டவும் இருக்கும்.

ஹீட்டர் விஷயத்தில் கவனம் தேவை. 2000 வாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். இரண்டைப் போட்டால் 17-ஐத் தாண்டும். பழைய ஹால்களில் ஒரு பக்கத்து பிளக் எல்லாம் ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் (சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்சில்) இருக்கும். அதே பக்கத்தில் டீ கொதிக்கும் எலெக்ட்ரிக் கேனும் புரொஜெக்டரும் சேர்ந்தால், பேச்சாளர் மூன்றாவது படத்துக்கு வரும்போது எல்லாம் அணைந்துபோகும். கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் ஹீட்டரை ஓடவிட்டு, ஆள் நிறைந்த பிறகு ஒன்றை அணைத்துவிட வேண்டும். முப்பது பேர் உட்கார்ந்தாலே அறை சூடேறிவிடும். ஆனால் கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுவரக் கூடாது. கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரிக் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலைவலி வந்து தெரிவதற்குள் ஆள் மயங்கிவிடுவார். கணப்பு உள்ள பழைய பங்களா ஹால் என்றால் புகைபோக்கி அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று பகலிலேயே பார்த்துவிட வேண்டும்.

புரொஜெக்டரைக் குளிர்ந்த காரிலிருந்து எடுத்து வந்து உடனே போடக் கூடாது. கதகதப்பான ஹாலுக்குள் வந்ததும் லென்ஸில் ஈரம் படியும்; துணியால் துடைத்தால் கோடு விழும். கால் மணி நேரம் சும்மா வைத்தால் தானாகத் தெளியும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் விளக்கையும் மைக்கையும் தாங்கும், புரொஜெக்டரைப் பல இடங்களில் தாங்காது. அதனால் படம் இல்லாமலும் பேச முடியுமா என்று பேச்சாளரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது மலையில் நாகரிகம்.

தண்ணீர் பாட்டில் வைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் ஜக்கும் கண்ணாடி டம்ளரும்தான் மேடைக்கு. மேட்டுப்பாளையத்தில் வாங்கும் பூங்கொத்தைப் பளபளக்கும் கவரோடு கொண்டுவந்தால் சோதனைச்சாவடியிலேயே கேட்பார்கள். வாழை நாரில் கட்டிய பூவோ, ஒரு தொட்டிச் செடியோ போதும்.

பேச்சாளர்

மலைக் கூட்டங்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைப்பது இங்கேதான். இவ்வளவு சின்ன மாவட்டத்தில் இத்தனை வகை நிபுணர்கள் கூப்பிடு தூரத்தில் இருப்பது வேறெங்கும் சுலபமில்லை. வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் பணியாளர் கல்லூரி இருக்கிறது, மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது. குன்னூரில் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம். அதே ஊரில் தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. ஊட்டி முத்தோரைப் பக்கம் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், பழங்குடியினர் ஆய்வு மையம், ரேடியோ வானியல் மையம்.

அந்த ரேடியோ தொலைநோக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970 முதல் இயங்குகிறது. அதை ஏன் மலைச்சரிவில் கட்டினார்கள் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. ஊட்டி சுமார் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதே அளவு சாய்ந்த, வடக்கு தெற்காக ஓடும் சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டியதால், கருவியின் அச்சும் பூமி சுழலும் அச்சும் இணையாகிவிட்டன. அப்புறம் ஒரே திசையில் மெதுவாகத் திருப்பினாலே வானத்துப் பொருளை ஒன்பதரை மணி நேரம் வரை தொடரலாம். இதை இருபது நிமிடத்தில் ஒருவர் கையாலேயே சாய்த்துக் காட்டி விளக்கினால் ஹாலில் ஒருவரும் போனை எடுக்க மாட்டார்கள். வாரக் கூட்டம் கொடுக்கக்கூடிய சரக்கு இதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து பெரிய பெயர் ஒன்றை வரவழைப்பது இதைவிட மேல் என்று நினைக்கும் சங்கங்கள் உண்டு. மேட்டுப்பாளையம் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, மூடுபனியில் ஊர்ந்து, ஏழுக்கு வர வேண்டியவர் ஏழே முக்காலுக்கு வருவார். அதுவரை ஹாலை நிரப்பத் தலைவர் பேசிக்கொண்டே இருப்பார். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு. 2024 மே 7 முதல் நடைமுறையில் இருப்பது. வண்டி எண்ணைக் கேட்டு வாங்கிச் சங்கமே பதிவு செய்து அனுப்பிவிட்டால் ஒரு தலைவலி குறையும். கீழிருந்து அழைத்தே ஆக வேண்டும் என்றால் சனிக்கிழமை மதியக் கூட்டமாக வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே திருப்பி அனுப்புவதுதான் முறை. சீசனில் மலைப்பாதை ஒருவழியாக மாறும் நாட்களில், எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்க வேண்டும் என்பதையும் முதல்நாளே சொல்லிவிட வேண்டும்.

பேச்சாளருக்கு 20 நிமிடம் என்று சொன்னால் 40 பேசுவார். ‘18 நிமிடம், பிறகு பத்து நிமிடம் கேள்வி’ என்று எழுத்தில் கொடுத்து, 15-ஆம் நிமிடம் முன்வரிசையிலிருந்து ஒரு அட்டையைக் காட்டும் வழக்கம் நன்றாக வேலை செய்கிறது. அறிமுகத்தைப் பேச்சாளர் தந்த நாலு பக்கத்திலிருந்து அப்படியே வாசிப்பது நேரக் கொலை. ஐந்து வரி போதும்.

அக்டோபர் 24 போலியோ தினப் பேச்சு ஒன்றுதான் ஆண்டுக்காண்டு ஒரே தேய்ந்த இசைத்தட்டு. ரோட்டரி 1985-இல் போலியோ ஒழிப்பில் இறங்கியது, இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில், 2014 மார்ச் 27-இல் போலியோ இல்லை என்ற சான்றிதழ் என்று உறுப்பினர்களுக்கு மனப்பாடமாகவே தெரியும். சொட்டுமருந்துப் பெட்டியைக் குளிர் குறையாமல் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளுக்கும் பழங்குடிக் கிராமத்துக்கும் நடந்து கொண்டுபோன கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவரை அன்றைக்கு மேடையேற்றினால் கதையே வேறு.

செயலாளரின் பத்து நிமிடம்

வெளியாருக்குச் சலிப்பாகத் தெரிவதும், உண்மையில் சங்கத்தின் உயிராக இருப்பதும் இந்தப் பத்து நிமிடம். பள்ளிக்குத் தண்ணீர் இயந்திரம், கண் முகாம், கம்பளி, ரத்ததானம் என்று பணம் எங்கே போகப்போகிறது என்பது இங்கே வாசிக்கப்படுகிறது. வாசிக்கப்படுகிறது என்பதுதான் குறையும்கூட: ஆங்கிலத்தில், வேகமாக, பேச்சாளரைப் பார்த்துக்கொண்டே. கைதட்டல் விழும், அடுத்தது போகும். உதவி கேட்டு வந்திருக்கும் கிராமத் தலைமையாசிரியர் பின்வரிசையில் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருப்பார். அவர் விஷயம் வரும்போதாவது தமிழில் பேசி, அவரையே இரண்டு நிமிடம் பேசச் சொல்வது நல்லது.

இத்தனைக்கும் சில நிமிடம் முன்னால்தான் எல்லோரும் எழுந்து நின்று நால்வழிச் சோதனையைச் சொல்லியிருப்பார்கள். அது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் பயன் தருமா. சிகாகோவில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த 1932-இல் ஹெர்பர்ட் டெய்லர் எழுதிய கேள்விகள் இவை. ரோட்டரி 1943-இல் ஏற்றுக்கொண்டது. கம்பெனி விளம்பரத்தையும் விற்பனையையும் சோதிக்க எழுதப்பட்டவை, ஓதுவதற்கு அல்ல. செயலாளர் வாசிக்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் கடைசிக் கேள்வியை மட்டும் கேட்டாலே பாதி தவறு குறையும்.

உதாரணத்துக்குப் பள்ளிக்குத் தண்ணீரில் உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம். மலை ஊற்றிலும் ஓடையிலும் வரும் தண்ணீரில் பெரும்பாலும் உப்பு குறைவு. இங்கே பிரச்சினை உப்பில்லை, மழைக்காலக் கலங்கலும் கிருமியும். ஆர்.ஓ. வைத்தால் உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பெரும் பங்கு சாக்கடைக்குப் போகும், கலங்கல் வந்து சவ்வு அடைக்கும், சவ்வு மாற்றக் காசில்லாமல் அடுத்த ஆண்டு இயந்திரத்தின் மேல் பள்ளிக்காரர்கள் சாக்பீஸ் பெட்டி வைப்பார்கள். முதலில் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கரைந்த உப்பு குறைவு என்று வந்தால் மணல் வடிகட்டியோ கார்ட்ரிட்ஜ் வடிகட்டியோ, அதற்குப் பிறகு கிருமி கொல்லும் யு.வி. விளக்கோ குளோரினோ போதும். தொட்டியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை யார் கழுவுவது என்றும் எழுதிவைக்க வேண்டும். திறப்புவிழா கல்வெட்டுக்கு ஆகும் செலவில் இரண்டு வருடத்து கார்ட்ரிட்ஜ் வாங்கி வைக்கலாம்.

கண் முகாம் வார நாளில் வைத்தால் இலை பறிக்கும் பெண்கள் வரமாட்டார்கள். ஒரு நாள் கூலி போய்விடும். ஞாயிறுதான் சரி, அதுவும் ஊர்ச் சந்தை நாளில் வராத ஞாயிறு. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஹெத்தை அம்மன் பண்டிகை நாட்களில் படுகர் ஊர்களில் முகாம் போட்டால் டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். கண்புரை என்று தேர்வானவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அனுப்பும்போது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தால் அறுவை செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலையிறங்கி, வாந்தியெடுத்து, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்த பாட்டி அடுத்த முகாமுக்கு ஊரையே வரவிடமாட்டார். ஒரு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் பார்த்துவிட்டுப் பட்டியல் போடுவது இதற்கு வழி.

கம்பளி, ஸ்வெட்டர் விஷயம் எளிது: அக்டோபருக்குள் அளவெடுத்து நவம்பரில் கொடுத்துவிட வேண்டும். ஜனவரியில் தலைவர் ஓய்வாக இருக்கும் தேதி பார்த்துக் கொடுத்தால் உறைபனிக் காலத்தில் பாதி போயிருக்கும்.

பெரிய திட்டங்களுக்கு ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியம் இருக்கிறது. குறைந்தபட்சத் திட்டச் செலவே 30,000 டாலர்; உள்ளூர்ச் சங்கம் ஒன்றும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் கைகோக்க வேண்டும்; ஊரின் தேவை என்ன என்று முதலில் ஆய்ந்து எழுத வேண்டும். ஊட்டிக்குச் சுற்றுலா வரும் வெளிநாட்டு ரோட்டரி உறுப்பினர்கள் அவ்வப்போது கூட்டத்துக்கு வந்து சங்கக் கொடி மாற்றிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களை ஐந்து நிமிடம் உட்காரவைத்து ஒரு பக்கத் திட்டக் குறிப்பைக் கையில் கொடுத்தனுப்பும் சங்கம் மிகக் குறைவு. அந்த ஒரு பக்கத்தை அச்சடித்துத் தகரப் பெட்டியிலேயே போட்டு வைக்கலாம்.

சாப்பாடு

டீயும் வர்க்கியும் எப்போதும் நன்றாக இருக்கும், அதில் குறை சொல்ல இடமில்லை. இரவுச் சாப்பாடுதான் சிக்கல். ஹோட்டல்காரர் 8 மணிக்கு என்று நம்பி 7.45-க்கே பஃபேயில் வைத்துவிடுவார். கூட்டம் 8.40-க்கு முடியும். அதற்குள் பரோட்டா தோலாகிவிடும், வடை கல்லாகிவிடும், பிரியாணியின் விளிம்பில் வனஸ்பதி வெள்ளை வெள்ளையாக உறைந்திருக்கும். பாத்திரத்துக்கு அடியில் எரியும் ஜெல் விளக்கு சாம்பாரைச் சூடாக வைக்கும், அகலத் தட்டில் பரப்பிய எதையும் காப்பாற்றாது. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் வடித்த சாதம் நடுவில் முரமுரவென்று நிற்கும். குக்கரில் வைத்த சாதம் கேட்டு வாங்க வேண்டும்.

மலைக்கு ஏற்ற பட்டியல் சின்னது. மிளகு ரசம் அல்லது காய்கறி சூப், கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் சப்பாத்தி, உருளையும் அவரையும் போட்ட குழம்பு, சாதம், ரசம், ஒரு இனிப்பு. குழம்பை நல்லெண்ணெயில் செய்யச் சொல்லுங்கள், உறையாது. பன்னிரண்டு வகை வைத்து எல்லாம் ஆறிப்போவதைவிட ஐந்து வகை ஆவி பறக்க இருப்பது மேல்.

ஹாலுக்கு வாடகை இல்லை என்று ஹோட்டல் சொன்னால் தட்டுக்கணக்கில் உத்தரவாதம் கேட்கும். 25 தட்டு என்று ஒப்புக்கொண்டு 17 பேர் வந்தால் எட்டுத் தட்டுக் காசு சங்கத்தின் தலையில். வாட்ஸ்அப்பில் ‘வருகிறேன்’ என்று போட்டுவிட்டு வராதவரிடமும் தட்டுக் காசு வாங்கும் சங்கங்களில் இந்த நஷ்டம் தானாகவே நின்றுவிடுகிறது. மிச்சச் சாப்பாட்டை ஹாலுக்கு வெளியே இரவு முழுக்க வைக்கக் கூடாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்கே கதவை உடைக்கும். பிரியாணிக் குண்டானை விடுமா?

வருகையும் சந்தாவும்

வாரம் தவறாமல் வர வேண்டும் என்ற பழைய கெடுபிடி தளர்ந்துவிட்டது. 2016-க்குப் பிறகு சங்கம் மாதம் இரண்டு முறை கூடினாலே போதும், ஆன்லைனிலும் கூடலாம். பருவமழை மாதங்களில் இரண்டு கூட்டமாகக் குறைத்துக்கொண்டு ஜனவரி முதல் மே வரை வாரவாரம் கூடுவது மலைக்குப் பொருத்தமாக இருக்கும். பொதுவாக உறுப்பினர் அரை ஆண்டில் பாதிக் கூட்டங்களுக்காவது வந்திருக்க வேண்டும். விட்டதை வேறு ஊர்ச் சங்கத்துக்குப் போய் ஈடுகட்டலாம். குறைந்தது 20 ஆண்டு உறுப்பினராக இருந்து, வயதும் உறுப்பினர் ஆண்டும் சேர்ந்து 85 ஆனவர்கள் எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கலாம். மலையில் அப்படி விலக்கு வாங்கிய தோட்டக்காரத் தாத்தாக்கள்தான் முதலில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, நல்ல கேள்வியும் கேட்கிறார்கள்.

முதல்முறை போகிறவர்கள் ஒரு உறுப்பினரைப் பிடித்துப் போவது சுலபம். சாப்பாட்டுக்கு யார் காசு கொடுப்பது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கோட்டு கட்டாயமில்லை, ஸ்வெட்டர் கட்டாயம். எஸ்டேட் சாலையில் திரும்ப வேண்டியவர்கள் வண்டியை வெளியே பார்த்தபடி நிறுத்துவது நல்லது. வழியில் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காமல், தூரத்திலேயே நிறுத்தி, அது போகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பஸ்ஸை நம்பி வருபவர்கள் கடைசி வண்டி நேரத்தை முதலிலேயே தலைவரிடம் சொல்லிவிட்டால், நாட்டுப்பண்ணுக்கு முன் எழுந்து போகும் சங்கடம் வராது.

சேர்வதானால் அதே சங்கத்தின் மூன்று கூட்டங்களையாவது பார்த்துவிட்டுச் சேருங்கள். அதில் ஒன்று பெரிய பேச்சாளர் இல்லாத, மழை பெய்கிற சாதாரண வாரமாக இருக்கட்டும். சந்தா எவ்வளவு என்று மொத்தமாகக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள்: சர்வதேசச் சந்தா, ரோட்டரி மாவட்டச் சந்தா, சங்கச் சந்தா, சாப்பாடு. அறக்கட்டளை நன்கொடை இவற்றில் சேராது, அது விருப்பம். பதவியேற்பு விழாவுக்கும் குடும்ப விழாவுக்கும் தனி வசூல் உண்டா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். சர்வதேசச் சந்தாவுக்கான பில் ஜூலை 1, ஜனவரி 1 தேதிகளில் இருக்கும் உறுப்பினர் எண்ணிக்கைப்படி சங்கத்துக்கு வருகிறது. ஆகவே உங்கள் கணக்கு எந்த அரையாண்டிலிருந்து தொடங்குகிறது என்று பொருளாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே காசோலை கொடுங்கள்.